தகப்பன் சிறையில் இருக்க, பிள்ளைகளோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு

திருச்சிப் பக்கத்து முகாமில் எனக்கு அடுத்த வீட்டில் இருந்த தங்கச்சி ஒருத்தி அண்மையில் போன் எடுத்தாள். "அக்கா, நானும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரப்போறன். என்னென்ன பார்க்க வேணும்?" என்று கேட்டாள். என் மனுசன் பிடிபட்டதுபோல அவளுடைய மனுசனும் இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டு உள்ளே இருக்கிறார். எவ்வளவு கதைத்தும் பாதிதான் சொல்ல முடிந்தது. 2017 இல் நான் இரண்டு பிள்ளைகளோடு திரும்பியபோது விமான ரிக்கற், எக்ஸிட் பெர்மிட், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவிப் பணம் பற்றியெல்லாம் சொல்லித்தர முகாமில் ஆட்கள் இருந்தார்கள். அரசியல் கைதியின் பிள்ளை ஊருக்கு வந்தால் அந்தப் பிள்ளைக்கு என்னென்ன வரும் என்று சொல்லத்தான் ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் 2006 இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது பேசாலையில் இருந்து படகேறித் தனுஷ்கோடியில் இறங்கியவர்கள். மண்டபத்தில் பதிந்து, பிறகு திருச்சிப் பக்கம் அனுப்பினார்கள். மூத்தவள் 2007 இலும் சின்னவன் 2012 இலும் அங்கேதான் பிறந்தார்கள். 2013 இல் மாமிக்குக் கடும் வருத்தம் என்று அறிந்து என் மனுசன் மட்டும் ஊருக்குப் போனார். போய்ச் சில கிழமைகளில் வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் வந்தார்கள், எங்கே கொண்டு போகிறார்கள் என்று ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. மாமி வருத்தத்தோடு பொலிஸ், முகாம், ஆஸ்பத்திரி என்று அலைந்தார். ஆள் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார் என்று தெரியவே ஒன்றரை மாதம் போய்விட்டது.

அந்த ஒன்றரை மாதத்தின் விலை எனக்குப் பிறகுதான் விளங்கியது. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு ஒன்று பதிந்திருந்தால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்தச் சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆகவே ஆள் பிடிபட்டால் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் அன்றைக்கே ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வைத்துவிடுங்கள். எந்தத் திகதி, என்ன நேரம், எந்த நிற வாகனம், வந்தவர்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி பின்னாளில் பிள்ளைகளுக்கும் உதவும், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இந்தச் சட்டம் 1979 இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. அவர் பிடிபட்ட காலத்தில் அமைச்சரின் கட்டளையில் மூன்று மூன்று மாதமாக நீட்டிப் பதினெட்டு மாதம் வரைக்கும் வைத்திருக்கலாம். 2022 இல்தான் அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு விளக்கமறியல் என்ற நீதிமன்றக் காவல், அதற்குப் பிறகு வழக்கு. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலமே சாட்சியாக நிற்கும். ஒரு வருடத்தில் வந்துவிடுவார், இரண்டு வருடத்தில் வந்துவிடுவார் என்று நான் முகாமிலேயே இருந்து பார்த்தேன். சின்னவனுக்குத் தகப்பனின் முகமே தெரியாமல் போகிறது என்றபோதுதான் திரும்பும் முடிவை எடுத்தேன். பிள்ளைகள் அப்பாவைப் பார்க்க வேண்டும், வேறு காரணம் இல்லை.

சரி, கடதாசி விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் பிள்ளைகளைக் கனகாலம் வருத்தும் விஷயம். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கே தரும் பிறப்புச் சான்றிதழ் மட்டும் இலங்கையில் போதாது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, தூதரகப் பிறப்புச் சான்றிதழும் குடியுரிமைச் சான்றிதழும் எடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், பிந்தினாலும் வழி இருக்கிறது. மூத்தவளுக்கு அவர் இருந்த காலத்திலேயே எடுத்துவிட்டோம். சின்னவனுக்குப் போனபோது தகப்பனின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, எங்கள் கலியாணப் பதிவு எல்லாம் கேட்டார்கள். அவை இருந்த பை அவரைப் பிடித்த அன்றே வீட்டில் இருந்து போய்விட்டது. பொதுவாக ஓர் அகதிக் குடும்பத்துக்கு இருக்கும் சிக்கலைவிடக் கைதியின் குடும்பத்துக்கு இது ஒரு படி கூட. தகப்பனின் கடதாசிகள் வழக்குப் பொருளாகப் போய்விடும், கையெழுத்து வாங்க ஆளும் வெளியில் இருக்காது.

கடைசியில் மாமிதான் பிரதேச செயலகத்தில் அவருடைய பிறப்புச் சான்றிதழுக்கும் எங்கள் கலியாணச் சான்றிதழுக்கும் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்து அனுப்பினார். அது வந்துசேர எட்டு மாதம் எடுத்தது, அதற்குள் நாங்கள் தற்காலிகப் பயண ஆவணத்தில் வந்துவிட்டோம். மிச்ச வேலையைக் கொழும்புக்கு அலைந்து முடித்தேன். போக்குவரத்து, மொழிபெயர்ப்பு, தங்குமிடம், வேலைக்குப் போகாத நாட்கூலி எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மேல் அந்த ஒரு சான்றிதழுக்கே போனது. அங்கே இருக்கும்போதே முடித்துக்கொண்டு வாருங்கள். ஊரில் உள்ள ஒருவரைக் கொண்டு தகப்பனின் கடதாசிகளுக்குப் பிரதி எடுப்பிப்பது முதல் வேலையாக இருக்கட்டும். இங்கே பதினைந்து வயதில் தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும், அது இல்லாமல் ஓ.எல். பரீட்சைக்குப் போகும்போது பிள்ளை திண்டாடும். போகும் வழியில் சோதனை என்று நிறுத்தினால், கைதியின் பிள்ளையிடம் அடையாள அட்டையும் இல்லை என்பது சின்ன விஷயமாக இருக்காது.

வரும் காலத்தையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வருடம் ஜூனில் தொடங்கும், இங்கே ஜனவரியில். நாங்கள் அங்கே முழுப்பரீட்சை முடிந்து மே மாதம் வந்தோம். வந்து சேர்ந்தபோது இங்கே இரண்டாம் தவணை நடந்துகொண்டிருந்தது. மூத்தவளைத் தரம் ஐந்தில் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் ஓகஸ்ட்டில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு விடிய விடியப் படித்துக்கொண்டிருக்க, இவள் சிங்கள எழுத்தைக் கண்ணால் முதல்முறை பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பரில் வந்தால் ஜனவரியில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து வகுப்பில் உட்காரலாம். விடுகைப் பத்திரத்தையும் மதிப்பெண் பட்டியலையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்பார்கள். அவளுடைய பேச்சைக் கேட்டு "இந்தியாக்காரி" என்று வகுப்பில் கூப்பிட்டார்கள். அது ஒரு வருடத்தில் போய்விட்டது. போகாத பெயர் வேறொன்று இருந்தது, கைதியின் பிள்ளை என்ற பெயர்.

வந்து மூன்றாம் கிழமை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சாதாரண உடுப்பு. அன்பாகத்தான் கதைத்தார்கள். எப்ப வந்தீங்கள், யார் காசு அனுப்புறது, முகாமில் ஆரோடு பழக்கம் என்று கேட்டு எழுதினார்கள். வீட்டில் உள்ளவர்களின் படம் வேண்டும் என்று பிள்ளைகளையும் நிறுத்திப் போனில் எடுத்தார்கள். பிறகு மாதம் ஒரு தடவையாவது யாராவது வருவார்கள், வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கேள்வி மட்டும் ஒன்றுதான். நான் தோட்ட வேலைக்குப் போன நேரத்தில் ஒருநாள் வந்து, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த சின்னவனைக் கூப்பிட்டு ரொபி கொடுத்து, "அப்பாட பிரெண்ட்ஸ் ஆரும் வீட்ட வாறவையோ? அம்மா இரவில ஆரோட போன் கதைக்கிறவ?" என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை. அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர், எங்களுக்குக் கூரை வேய வந்த அண்ணையின் பெயர். அதைச் சொல்லியிருக்கிறான். அடுத்த கிழமை அந்த அண்ணையை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் பிறகு எங்கள் ஒழுங்கைக்கே வரவில்லை. வேலி அடைக்கவும் ஆள் இல்லாமல் போனது, சின்னவனோ தன்னால்தான் அந்த மாமா வராமல் விட்டார் என்று விளங்கிக்கொண்டு படுக்கையில் மூத்திரம் போகத் தொடங்கினான்.

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் அடக்க முடியவில்லை. தகப்பன் மேல் வழக்கு இருந்தால் தகப்பனைக் கேளுங்கள், என்னைக் கேளுங்கள், பிள்ளையிடம் என்ன விசாரணை? யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணி அக்காவிடம் போனேன். சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையை இலங்கை 1991 இலேயே ஏற்றுக்கொண்டது என்றும், பெற்றோரின் நிலையையோ செயலையோ கருத்தையோ காரணமாக வைத்துப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்று அதன் இரண்டாம் உறுப்புரையில் தெளிவாக இருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். தகப்பனை அரசு தடுத்து வைத்தால் அவர் எங்கே இருக்கிறார் என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. அவர் சொல்லித்தந்தபடி நான் செய்தவை பெரிய வேலைகள் அல்ல. வருகிறவர்களிடம் பெயரும் பதவியும் எந்த அலுவலகம் என்றும் மரியாதையாகக் கேட்டு, அவர்கள் பார்க்கவே கொப்பியில் எழுதினேன். முன்பு சொன்ன அதே கொப்பிதான். "பிள்ளையளோட கதைக்கிறதெண்டால் நான் பக்கத்தில நிக்க வேணும் ஐயா" என்று மட்டும் சொன்னேன். பாடசாலை அதிபரிடமும் போய், நானோ மாமியோ தவிர வேறு ஆர் வந்து கேட்டாலும் பிள்ளையை வெளியில் அனுப்ப வேண்டாம் என்று கடிதம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கினேன். கொப்பியில் சேர்ந்த திகதிகளை வைத்து ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு போட்டேன். வருவது நிற்கவில்லை, ஆனால் பிள்ளைகளைத் தனியாகக் கேட்பது நின்றது. சிறுவர்களுக்கான 1929 இலக்கத்தை மூத்தவளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன்.

முகாமில் இருக்கும்போது அப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்று சின்னவனுக்குச் சொல்லியிருந்தோம். இங்கே அது ஒரு கிழமைகூட நிற்காது. வகுப்பில் ஒரு பிள்ளை "உன்ர அப்பா ஜெயில்லதானே" என்று கேட்கும், அது தன் வீட்டில் கேட்டதைத்தான் சொல்லும். நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நான் சொன்னது இதுதான்: அப்பாவை ஒரு இடத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள், அவர் செய்தாரா இல்லையா என்று கோட்டில் வழக்கு நடக்கிறது, அப்பா உங்களை விட்டுட்டுப் போகவில்லை. நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பிள்ளைகள் இதை நல்லாகத் தாங்குவார்கள். ஆனால் முதல்முறை பார்க்கப் போகுமுன் அந்த இடம் எப்படி இருக்கும் என்றும் சொல்லிக் கூட்டிப் போங்கள். அவர் இருந்த சிறையில் இரண்டு கம்பிவலை, நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஒரே நேரத்தில் இருபது குடும்பம் கத்திக் கதைக்கும். சின்னவன் வலைக்குள் விரலை விட்டு எட்டிப் பார்த்தான், எட்டவில்லை. அங்கால் நின்ற தாடிக்காரர் அழுததைப் பார்த்துப் பயந்து என் சீலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். மூத்தவள் கொண்டுபோன ரிப்போட் அட்டையை வலையில் ஒட்டிப் பிடித்தாள், அவர் ஒவ்வொரு பாடமாக வாசித்துக் கணக்குக்கு ஏன் நாற்பத்தெட்டு என்று கேட்டார். பத்து நிமிடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கொப்பி, ஒரு படம் கொண்டு போகப் பழக்கினேன். கதைக்க ஒரு பொருள் இருந்தால் பிள்ளைக்குச் சுகம். பார்க்கப் போகும்போது கிராம சேவகரின் உறவு உறுதிக் கடிதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும் இரவு முழுக்க பஸ்ஸில் வந்த பிள்ளை வாசலில் நின்று திரும்ப வேண்டும், எங்களுக்கு நடந்தது.

காசு. பளைப் பக்கத்தில் இருந்து கொழும்புக்கு மூன்று பேர் போய்வர, சாப்பாட்டோடு அந்தக் காலத்தில் ஆறாயிரம் ரூபா வரும். என் நாட்கூலி எண்ணூறு. சர்வதேச செஞ்சிலுவைக் குழு கைதிகளின் குடும்பங்களுக்குப் பயணச் செலவு கொடுத்து உதவிவந்தது என்பது எனக்கு வந்து ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். நீங்கள் முதல் மாதமே கேட்டுப் பாருங்கள். "குரலற்றவர்களின் குரல்" என்ற அமைப்பு அரசியல் கைதிகளுக்காகவே வேலை செய்கிறது, அவர்களிடமும் பதியுங்கள். இந்த நேரத்தில்தான் ஒருவர் வந்து, மேலிடத்தில் ஆள் தெரியும், மூன்று லட்சம் கொடுத்தால் வழக்கில் இருந்து பெயரை எடுப்பிக்கலாம் என்றார். நெற்றியில் திருநீறு, வாயில் எப்போதும் "தங்கச்சி". தாலிக்கொடியை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கொடுத்தேன். ஆளின் போன் அடுத்த மாதம் வேலை செய்யவில்லை. இப்படி ஏமாந்த பத்துக் குடும்பத்தையாவது சிறை வாசலில் சந்தித்திருக்கிறேன். நீதிமன்றத்துக்கு வெளியே வழக்கை முடிக்கலாம் என்று சொல்கிற ஒருவருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

அடகை மீட்க நுண்கடன் எடுத்தேன். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். கட்டப் பிந்தினால் வசூலுக்கு வரும் பெடியன் பொழுதுபட்ட பிறகும் விறாந்தையில் உட்கார்ந்திருப்பான். வீட்டில் ஆம்பிளை இல்லை, தகப்பன் உள்ளே என்று அவனுக்குத் தெரியும். மூத்தவளுக்கு அப்போது பதினொரு வயது. அவன் அவளோடு பகிடி விடத் தொடங்கிய அன்றைக்கே அயலில் இருந்த ஆச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, இனி கடனை ஒபிசில் வந்து கட்டுகிறேன், வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு கோழியையும் தையல் மெசினையும் விற்று அந்தக் கடனை முடித்தேன். கைதியின் மகள் என்றால் கேட்க ஆள் இல்லாத பிள்ளை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். புலனாய்வுக்காரரைவிட எனக்கு இவர்களைப் பற்றித்தான் பயம் கூட. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், உளவளத்துணைக்கும் ஆள் இருப்பார். பிரச்சினை வருமுன்பே போய் அறிமுகமாகி வையுங்கள். சின்னவனின் படுக்கைப் பிரச்சினை அங்கே போன பிறகுதான் மெல்ல மாறியது.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொன்று. முகமாலை நாட்டின் மிகப் பெரிய மிதிவெடி நிலங்களில் ஒன்று. ஊர்ப் பிள்ளைகளுக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை பிறந்தது முதல் தெரியும், முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு அது விளையாட்டு. வந்த அன்றே கூட்டிப்போய்க் காட்டி, துருப்பிடித்த எதையும் தொடக் கூடாது, விறகுக்குப் புதிய பாதையில் போகக் கூடாது என்று சொல்லுங்கள்.

2018 மார்ச்சில் கிளிநொச்சியில் ஓர் ஆயுள் கைதி மனைவியின் செத்தவீட்டுக்குச் சில மணித்தியாலம் வந்து திரும்பியபோது, அவருடைய சின்ன மகள் தகப்பனோடு சிறைச்சாலை வாகனத்தில் ஏறிய படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நாடே அழுதது. அவரை விடச் சொல்லிப் பாடசாலைப் பிள்ளைகள்கூடக் கையெழுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீடுகளுக்கும் படம் எடுக்க வந்தார்கள். மூத்தவள் அழும் படம் ஒன்று என்னைக் கேட்காமலே ஒரு பத்திரிகையில் வந்தது. அவள் இரண்டு கிழமை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். போராட்டத்துக்கு நான் போவேன், இன்றைக்கும் போகிறேன், பதாகையும் பிடிப்பேன். பிள்ளைகளின் முகமும் பெயரும் வர வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுவேன். உதவி செய்கிறோம் என்று வெளிநாட்டில் இருந்து பிள்ளையின் படமும் பாடசாலைப் பெயரும் கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். வறுமையைப் பார்த்துச் சிறுவர் இல்லத்தில் விடச் சொன்னவர்களும் உண்டு. விடவில்லை. ஒரு தடவை விட்டால் வாரம் ஒருமுறை பார்ப்பது மாதம் ஒருமுறையாகும், தகப்பனையும் பிரிந்த பிள்ளை தாயையும் பிரிந்துவிடும்.

கொரோனாக் காலத்தில் பார்க்கப் போவது நின்றது. 2021 செப்டம்பரில் சிறைச்சாலை இராஜாங்க அமைச்சரே அனுராதபுரம் சிறைக்குள் போய்த் தமிழ்க் கைதிகளைத் துப்பாக்கி காட்டி மிரட்டினார் என்ற செய்தியும், அவர் அந்தப் பொறுப்பில் இருந்து விலகிய செய்தியும் வந்தபோது, பிள்ளைகள் இரவிரவாக நித்திரை கொள்ளவில்லை. அப்படிப்பட்ட செய்தி வரும் நாட்களில் ரீவியை நிறுத்திவிட்டுச் சட்டத்தரணிக்கு எடுத்து ஆள் சுகமா என்று கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2022 இல் அவருடைய வாக்குமூலம் சுயமாகக் கொடுத்ததல்ல என்று நீதிமன்றம் ஒதுக்கி, அவரை விட்டுவிட்டது. ஒன்பது வருடம். நட்டஈடு ஒரு சதமும் இல்லை. விடுதலையானாலும் வீட்டுக்கு வந்து விசாரிப்பது முற்றாக நிற்கவில்லை, அதனால் கொப்பியும் நிற்கவில்லை. திரும்பி வர நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள்: 2025 இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு வந்த ஒரு முதியவரையே, முன்பு களவாகப் படகில் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் வைத்துப் பிடித்தார்கள். வருமுன் உங்கள் பெயரில் ஏதும் வழக்கோ பிடியாணையோ இருக்கிறதா என்று இங்கே ஒரு சட்டத்தரணியைக் கொண்டு பார்ப்பித்துவிட்டு, இறங்கும் நாளையும் விமான இலக்கத்தையும் அவரிடமும் ஆணைக்குழுவிடமும் கொடுத்து வையுங்கள். உங்களையும் பிடித்தால் அந்த நேரம் பிள்ளைகளை யார் பொறுப்பெடுப்பது என்று ஒருவரின் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்து, பெரிய பிள்ளையின் பையிலேயே போட்டு அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அது மாமியின் பெயர்.